நல்ல முட்டியில் போட்ட கட்டு

சென்ற மாதம் ஒரு பிற்பகல், மாண்ட்ரியாலின் ஓரத்தில் ரொக்ஸ்பரோவில் இருக்கும் என் வீட்டுக்கு ஓர் இளம் டாக்டர் போன் செய்தாள். யாழ்ப்பாணத்தில் பிறந்து பத்து வயதில் இங்கே வந்தவள். எலும்பு அறுவை சிகிச்சையில் இரண்டாம் ஆண்டுப் பயிற்சியில் இருக்கிறாள். நலம் விசாரிப்பதெல்லாம் இல்லை, நேராக விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"டொக்டர், நான் ஒரு பிழை விட்டிட்டன். நல்லகாலம், நோயாளிக்கு ஒண்டும் நடக்கேல்லை. ஆரும் காணவும் இல்லை. இதைப் போய்ச் சொல்லத்தான் வேணுமோ? பேந்து பாப்பம் எண்டு விடலாமோ?"

நான் கொஞ்சம் கத்திவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகும் என் கோபம் ஓய்வு பெறவில்லை என்று என் மனைவி சொல்வாள். போனை வைத்த பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமே இல்லை. அவள் வயதில் நான் நின்ற ஓர் இடம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். அதை அவளுக்கு மட்டும் சொல்லாமல், கத்தியைக் கையில் எடுக்கப்போகும் உங்கள் எல்லோருக்குமாக எழுதி வைக்கிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில், இதே மாண்ட்ரியாலில், ஒரு பெரிய மருத்துவமனையில் நடந்தது. எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள். அங்கே இருந்த நல்லவர்கள் பாவம்.

அப்போது எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. இரண்டாம் ஆண்டில் ஆறு பேர் இருந்தால் மூன்றாம் ஆண்டுக்கு மூன்று பேர்தான் போகலாம். மார்ச் மாதம் துறைத்தலைவரின் அறைக்கதவில் ஒரு தாளை ஒட்டுவார்கள். அதில் பெயர் இருந்தால் அடுத்த வருஷம் உண்டு. இல்லாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். எனக்கு அது இன்னும் சிக்கல். நான் மெட்ராஸிலிருந்து வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. இந்த வேலையை நம்பித்தான் என் மருத்துவ உரிமமே இருந்தது. சென்ட் லோரன்டில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் மனைவி ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள்.

துறைத்தலைவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அற்புதமான கை அவருக்கு. ஆனால் அவர் கத்தியைக் கேட்டு நீட்டிய கையில் கத்தியைத் தவிர வேறு எதுவும், ஒரு கேள்விகூட, வந்து விழக்கூடாது.

பிப்ரவரியில் ஒரு நாள், மறுநாள் ஆபரேஷனுக்காக ஒரு வயதான ஆங்கிலேயர் வார்டில் சேர்ந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன். இறந்துபோனாலும் நோயாளி நோயாளிதான். பந்துக்காரர் என்று வைத்துக்கொள்வோம். அறுபத்தைந்து வயது இருக்கும். குட்டையான உருவம், அகலமான தோள். முழங்கால் மூட்டு தேய்ந்துபோய், அந்த மூட்டை அசையாமல் ஒட்டி வைத்துவிடும் ஆபரேஷனுக்காக வந்திருந்தார். செயற்கை மூட்டு எல்லாம் எங்கள் கைக்கு இன்னும் வராத காலம் அது. ஒட்டினால் வலி போய்விடும். ஆனால் அதன்பிறகு அந்தக் கால் மடங்காது, செத்தாலும் மடங்காது. எந்தக் கால் என்பதைத் துறைத்தலைவர் பல மாதங்களுக்கு முன் பார்த்து முடிவு செய்திருந்தார். அவர் எழுதிய பழைய கேஸ் ஷீட் மட்டும் பதிவு அறையிலிருந்து வந்து சேரவில்லை.

நான் போனபோது பந்துக்காரர் கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். இடது முட்டியில் கெட்டியாக ஓர் எலாஸ்டிக் கட்டு. அன்றைக்கு நான் சேர்க்க வேண்டிய ஒன்பதாவது ஆள் அவர். கட்டைப் பார்த்தேன். படிவத்தில் 'இடது முழங்கால்' என்று எழுதினேன். சோதிக்கவில்லை. கட்டை அவிழ்க்கக்கூட இல்லை. பேச்சுவாக்கில் முன்பு என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"பந்து உதைச்சேன்" என்றார். (அவர் பேசியது வட இங்கிலாந்து ஆங்கிலம். என் தமிழில்தான் சொல்ல முடியும்.) "ரெண்டு உலகச் சண்டைக்கும் நடுவுல. பதினொரு வருஷம். அதுதான் தொழில்."

என் தூக்கமெல்லாம் ஓடிப்போய்விட்டது. நான் மெட்ராஸில் மருத்துவக் கல்லூரிக் கால்பந்து அணிக்கு ஆடியவன். ஊரிலிருந்து வந்ததிலிருந்து பந்தைப் பற்றிப் பேச ஒரு ஆள் கிடைக்கவில்லை. இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் ஐஸ் ஹாக்கிதான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

நிலக்கரிச் சுரங்க ஊர்க்காரர் அவர். பதினேழு வயதில் சுரங்கத்திலிருந்து நேராக மைதானத்துக்கு வந்தாராம். "வாரம் பூரா ஓடவிடுவாங்க தம்பி, பந்தைக் கண்ணுல காட்ட மாட்டாங்க. சனிக்கிழமை பந்துக்குப் பசியோட வரணுமாம். எங்களுக்குப் பசியெல்லாம் வேற மாதிரி இருந்தது." மழை நாளில் தோல் பந்து தண்ணீர் குடித்துக் கல்லாகக் கனக்கும். அதைத் தலையால் முட்டினால் பந்தைத் தைத்த வார் நெற்றியில் பதியும். தலைமுடியை ஒதுக்கித் தழும்பைக் காட்டினார். பதில் ஆள் இறக்கும் வழக்கம் கிடையாது. கால் போனாலும் மைதானத்தின் ஓரத்தில் நொண்டிக்கொண்டு நிற்க வேண்டும். அடிபட்டு விழுந்தால் ஒருவர் வாளியும் ஈரப் பஞ்சுமாக ஓடிவந்து, அடிபட்ட இடத்தில் அதை வைத்து அமுக்கி, "எழுந்திரு, ஒண்ணுமில்லை" என்பார். அதுதான் மொத்த வைத்தியமும்.

"வருஷா வருஷம் ஆட்டம் முடிஞ்சதும் ஒரு பட்டியல் ஒட்டுவாங்க. அடுத்த வருஷத்துக்கு யார் யாரை வெச்சுக்கறாங்கன்னு. பேர் இருந்தா மனுஷன். இல்லேன்னா திரும்பச் சுரங்கம். கதவுகிட்ட போறதுக்கே காலு வராது."

எனக்கும் தெரியும் அந்தக் கதவு என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

இருபத்து மூன்று வயதில் சேற்றில் கால் புதைந்து, உடம்பு ஒரு பக்கம் திரும்பி, ஒரு முட்டி போய்விட்டதாம். வெளியே தெரிந்தால் பட்டியலில் பெயர் இருக்காது. அங்கேதான் அவர் மூளை வேலை செய்திருக்கிறது.

"கெட்டுப்போன முட்டியை அப்படியே விட்டுட்டேன். நல்ல முட்டியில கட்டுப் போட்டேன்! எதிராளி கட்டைப் பார்த்து அங்கேயே உதைப்பான். உதைச்சுக்கட்டும், அது இரும்பு. கிளப் டாக்டர் வருவார். அவரும் கட்டைத்தான் அவிழ்ப்பார். அமுக்குவார், மடக்குவார், 'இதுல என்னடா இருக்கு, பயந்தாங்கொள்ளி'ம்பார். போயிடுவார். நாலு டாக்டர், அஞ்சு வருஷம். ஒருத்தன் கண்டுபிடிக்கலை."

வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். கடைசியில் புதிதாக வந்த பயிற்சியாளர் ஒருவர், காலியாகக் கிடந்த பார்வையாளர் படிக்கட்டில் எல்லோரையும் ஏறி இறங்கச் சொல்லியிருக்கிறார். ஏறும்போது பந்துக்காரர் சமாளித்துவிட்டார். இறங்கும்போது முடியவில்லை. அந்த வருஷப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அப்புறம் சுரங்கம், சண்டை, பிறகு கப்பல் ஏறி இங்கே வந்து சென்ட் லோரன்டில் விமானத் தொழிற்சாலை வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்சாலை அணிக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறார். நாலு படி ஏறவே முடியவில்லை என்று அவர் மனைவிதான் அழுது, கெஞ்சி, துறைத்தலைவரிடம் கூட்டிப்போய்க் காலைக் காட்டி, ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வைத்திருக்கிறாள்.

கதையைக் கேட்டேன், சிரித்தேன், கை குலுக்கினேன், படிவத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். என் கண்ணெதிரே அந்தக் கட்டு இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: நான் சோம்பேறித்தனத்தால் மட்டும் தவறவில்லை. அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பிடித்துப்போன நோயாளியிடம் இன்னும் இரண்டு மடங்கு ஜாக்கிரதையாக இருங்கள்.

மறுநாள் காலை. அவர் மயக்கத்தில் இருந்தார். என் படிவத்தின்படி நர்ஸ் முந்தைய நாளே இடது காலை மழித்து, மருந்து தடவி, துணி சுற்றி வைத்திருந்தாள். எலும்பு ஆபரேஷனுக்கு அந்தத் தயாரிப்பு இல்லாமல் தோலைத் தொடக்கூடாது என்பது அப்போதைய விதி. விளக்குப் பெட்டியில் எக்ஸ்ரே மாட்டியிருந்தது. தேய்ந்த முட்டி ஒன்று தெரிந்தது. எந்தக் கால் என்று சொல்லும் எழுத்து ஓரத்தில் மங்கிப் போயிருந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. படிவத்தில்தான் இருக்கிறதே!

துணியைப் பிரித்த பிறகு, குதிகாலைப் பிடித்துக் காலைத் தூக்கி நிறுத்துவது என் வேலை. சிஸ்டர் அயோடின் தடவினாள். என் இன்னொரு கை முட்டியின் அடியில் இருந்தது. காலைக் கொஞ்சம் மடக்கினேன். எண்ணெய் போட்ட கதவு மாதிரி மடங்கியது. ஒரு நறநறப்பு இல்லை, வீக்கம் இல்லை. அறுபத்தைந்து வயதுக்கு அருமையான முட்டி.

"உதைச்சுக்கட்டும், அது இரும்பு."

முந்தைய நாள் பந்துக்காரர் சொன்னது.

பச்சைத் துணிகளைப் போர்த்திவிட்டார்கள். முட்டி மட்டும் வெளியே தெரிந்தது. துறைத்தலைவர் கையை நீட்டினார். சிஸ்டர் கத்தியை வைத்தாள். எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. கதவில் ஒட்டப்போகும் தாள், வீட்டில் இருப்பவள், அவள் வயிற்றில் இருப்பது. வாயைத் திறந்தால் தவறு என்னுடையது என்று ஊருக்கே தெரியும். திறக்காவிட்டால்? உறுதியாக எனக்கு எதுவும் தெரியாது. ஒரு கிழவரின் கதையும் என் உள்ளங்கையும், இவ்வளவுதான் என்னிடம் இருந்த ஆதாரம்.

முட்டியின்மேல் என் கையை வைத்தேன்.

"சார், ஒரு நிமிஷம். இது நல்ல கால்னு நினைக்கிறேன்."

"ஆபரேஷன் பட்டியல்ல இடதுன்னு இருக்கு."

"எழுதினது நான்தான் சார். சோதிக்காம எழுதிட்டேன்."

துறைத்தலைவர் என்னைப் பார்த்தார். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன.

"உறுதியாத் தெரியுமா டாக்டர்?"

"தெரியாது சார்."

"அப்ப கையை எடுங்க."

"எடுக்க மாட்டேன் சார்."

அந்த மூன்று சொல்லை எப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. எங்கள் வீட்டில் அப்பா எதிரில் உட்காரக்கூட மாட்டோம். கத்தி என் விரல்களுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. நான் கையை எடுக்கவில்லை.

தலைமாட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. மயக்க மருந்து டாக்டர், ஐம்பது வயது கியூபெக் அம்மாள். அந்த மருத்துவமனையில் அன்று பெண் டாக்டர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர் ஆபரேஷன் நடக்கும்போது பின்னல் போடுவார் என்று கேலி பேசுவார்கள். பின்னியதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"இவர் சுகமாத் தூங்கறார். எனக்கு ஒண்ணும் அவசரமில்லை. அந்த இன்னொரு காலையும் ஒரு தடவை மடக்கிப் பார்த்தா என்ன குறைஞ்சுபோயிடும்?" என்றார்.

வேறு ஒருவர் துணிக்கு அடியில் கை விட்டு வலது காலை மடக்கினார். பாதி வழிகூட வரவில்லை. எலும்போடு எலும்பு உரசும் சத்தம் எல்லோர் காதிலும் விழுந்தது.

துறைத்தலைவர் கத்தியைத் தட்டில் வைத்தார். கையுறையைக் கழற்றிப் போட்டார். வலது காலின் தோல் தயாராக இல்லை, அதனால் அன்று ஒன்றும் செய்வதற்கில்லை. "எழுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதோடு முடிந்திருந்தால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். அரை மணி நேரத்தில் அவர் அறைக்கு அழைப்பு வந்தது. இரண்டு கட்டளைகள். ஒன்று, ரத்த அழுத்தம் இறங்கியதால் ஆபரேஷன் தள்ளிப்போனது என்று நோயாளியிடம் சொல்ல வேண்டும். இரண்டு, நோயாளி தவறான காலில் கட்டுப் போட்டு வந்து எங்களைக் குழப்பினார் என்று கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும்.

"உங்களையும் சேர்த்துத்தான் காப்பாத்தறேன்" என்றார். அது பொய்யில்லை. அந்த இரண்டையும் செய்திருந்தால் என் பெயர் கதவில் இருந்திருக்கும்.

வார்டுக்குப் போய் கேஸ் ஷீட்டில் எழுதினேன்: நோயாளியைச் சோதிக்காமல் தவறான காலைக் குறித்தது நான். கீழே முழுப்பெயர், தகப்பனார் பெயரின் முதலெழுத்து உட்பட. பிறகு பந்துக்காரரிடம் போனேன். மயக்கம் தெளிந்து தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் சிரிப்பார் என்று முட்டாள்தனமாக எதிர்பார்த்தேன். முகம் சிவந்துவிட்டது.

"இந்தக் கால்லதான்டா நான் நாப்பது வருஷமா நிக்கறேன்!" என்றார். "இதை வெட்டப் பார்த்தியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. நேற்று நர்ஸ் இந்தக் காலை மழிக்கும்போது பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள், ஏன் சொல்லவில்லை?

ஜன்னலில் தெரிந்த பனியைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"டாக்டர்ங்க நல்ல காலுக்குப் போனா என் வாய் தானா மூடிக்கும். அப்படிப் பழகிடுச்சு. கட்டும் அப்படித்தான், காலையில எழுந்தா கை தானா கட்டும். இன்னொண்ணும் இருக்கு. கெட்ட முட்டியா இருந்தாலும் அது மடங்குது. மடங்காத காலோட என்னை யார் மைதானத்துல நிக்க விடுவாங்க? நீங்க திறந்து பார்ப்பீங்க, ஒண்ணுமில்லைன்னு மூடி அனுப்பிடுவீங்கன்னு நினைச்சேன். அந்தக் காலத்து டாக்டர் மாதிரி."

அன்று மாலையே மனைவியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆபரேஷன் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கதவருகே நின்று திரும்பிப் பார்த்தார். "அஞ்சு டாக்டரை ஏமாத்தியிருக்கேன். கண்டுபிடிச்சவன் நீ ஒருத்தன்தான்" என்றார். அது திட்டா, பாராட்டா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் ரசம் தாளித்துக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு முழுதும் கேட்டாள்.

"சோதிக்காம எழுதினது தப்பு. அதுக்கு நீங்க வெக்கப்படணும். கையை எடுக்காதது சரி. அதுக்கு எதுக்கு வெக்கம்? ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்காதீங்க. சாப்பிட வாங்க."

மார்ச்சில் தாளை ஒட்டினார்கள். மூன்று பெயர்கள். என் பெயர் இல்லை. எனக்கு வருத்தம் இருந்ததா என்றால் இருந்தது. கழிப்பறைக்குள் போய் அழுதேன். ஆனால் முகம் கழுவிக்கொண்டு நேராகத் துறைத்தலைவர் அறைக்குப் போய், நான் எழுதியது கேஸ் ஷீட்டில் அப்படியே இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அதைக் கிழித்துப் போடவில்லை என்பதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

மயக்க மருந்து அம்மாள் நடைபாதையில் என்னைப் பிடித்து நிறுத்தினார். நகரின் கிழக்குப் பக்கத்தில் பிரெஞ்சு மருத்துவமனை ஒன்றில் ஓர் இடம் காலி என்றார். என் பிரெஞ்சு 'போன்ஜூர்', 'மெர்சி', பிறகு தெப்பனர் என்னும் மூலைக்கடையில் பால் வாங்கும் அளவு, அவ்வளவுதான் என்றேன்.

"அதையும் சொல்லிட்டேன். பேச்சுல தப்பு வரும், ஆனா தப்புன்னு தெரிஞ்சா நிறுத்திடற ஆள்னு சொல்லியிருக்கேன். திங்கட்கிழமை போங்க."

போனேன். ஒரு வருஷம் ஊமை மாதிரி திரிந்தேன். பிறகு பேசினேன், சண்டையும் பிரெஞ்சிலேயே போட்டேன். அங்கேயேதான் ஓய்வு பெறும்வரை இருந்தேன். முதல் நாளிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஆபரேஷன் செய்யவேண்டிய இடத்தில் நோயாளியே தன் கையால் எழுத வேண்டும். சிரித்தார்கள். நேரம் வீண் என்றார்கள். ஒருமுறை எனக்கு மேலே இருந்தவர், இது மருத்துவமனையா பள்ளிக்கூடமா என்று கேட்டார். பள்ளிக்கூடம்தான் என்றேன். விடவில்லை.

ஐந்தாறு வருஷம் போயிற்று. செயற்கை மூட்டு எங்கள் கைக்கும் வந்துவிட்டது. உலோகமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தது, மடங்கும். ஒரு வசந்த காலத்துக் காலை, வெளிநோயாளிகள் வரிசையில் ஒரு குட்டையான கிழவர் தடியை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. சென்ட் லோரன்டிலிருந்து பஸ்ஸும் மெட்ரோவுமாக மாறி மாறி வந்திருக்கிறார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. நான்தான் குனிந்தேன்.

"மடங்கற முட்டி வந்திருக்காமே? பட்டியல்ல என் பேரைப் போடுவியா?"

"போடறேன். எந்தக் கால்?"

அவர் கால்சட்டையைச் சுருட்டினார். வலது முட்டியில் கட்டு இருந்தது. தானே அதை அவிழ்த்தார். ஐம்பது வருஷமாகத் தானாக ஒரு டாக்டருக்கும் காட்டாத அந்த முட்டி வீங்கிக் கோணலாக வெளியே வந்தது. நான் பேனாவைக் கொடுத்தேன். அவர் அதன்மேல் பெரிதாக ஒரு அம்புக்குறி போட்டார். பிறகு, ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது வேலியோரத்தில் நிற்கும் ஜனங்களுக்குப் போடுவது போல, கீழே ஒரு கையெழுத்தும் போட்டார்.